இரும்பின் மேற்பரப்பில் விளைந்த சோறு

திண்மப் பொருளொன்றின் உட்புறத்துக்கும் அதன் மேற்பரப்புக்கும் பெரும் வேற்றுமை உண்டு. இரும்புத் துண்டின் நடுவே இருக்கும் அணு, எல்லாப் பக்கங்களிலும் தன்னையொத்த அணுக்களாற் சூழப்பட்டு, அவற்றோடு பிணைந்து அமைதியுற்றிருக்கும். மேற்பரப்பிலுள்ள அணுவின் நிலை அத்தகையதன்று. அதற்குக் கீழேயும் பக்கங்களிலும் அயலவர் உளர்; மேலே எவருமிலர். துணையின்றி எஞ்சிய அதன் பிணைப்பு விசை, அவ்வழியே வரும் வாயு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள முனைகின்றது. தேய்த்துத் துலக்கிய குத்துவிளக்குச் சில நாளில் மங்குவதும், மழையில் நனைந்த மண்வெட்டி துருவேறுவதும் இம் மேற்பரப்பிலே தொடங்கும் செயல்களாம். ஓரிரு அணுக்களின் தடிப்பே கொண்ட இந்த எல்லைப்புறத்திலேதான் கடந்த நூற்றாண்டின் உணவும் போரும் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டன.

மேற்பரப்பின் இவ்வியல்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் சிறிது சிறிதாக உணர்ந்தனர். 1817 இல் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி, சூடான பிளாற்றினக் கம்பியொன்று எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையிலே சுடரின்றி ஒளிர்வதைக் கண்டார். 1823 இல் ஜேர்மனியின் ஜேனா நகரத்து டொபரைனர், ஐதரசன் வாயுவைக் கடற்பஞ்சு போன்ற பிளாற்றினத்தின்மீது பாய்ச்சினார். வாயு தானே தீப்பற்றிக்கொண்டது. தீக்குச்சி பரவாத அக்காலத்தில், இதனைக்கொண்டு அவர் அமைத்த விளக்குப் பல வீடுகளில் தீமூட்டும் கருவியாயிற்று. மைக்கேல் பரடே 1834 இல் வெளியிட்ட ஆய்விலே, பிளாற்றினத் தகடு மிகத் தூய்மையாக இருந்தாலன்றி இவ்வாற்றல் வெளிப்படாது என்று காட்டினார். தான் மாறாது நின்று பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் இத்தகைய பொருள்களின் செயலுக்குச் சுவீடனின் பெர்சிலியசு 1835 இல் ஒரு பெயரிட்டார். அத்தகைய பொருளைத் தமிழில் ஊக்கி என்கின்றோம். பெயர் கிடைத்தது, ஆனால் ஊக்கி தன் வேலையை எவ்வாறு செய்கின்றது என்பதை அப்பெயர் விளக்கவில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில் வேறொரு கவலை எழுந்தது. 1898 இல் பிரிஸ்டல் நகரிலே பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் தலைவராக உரையாற்றிய வில்லியம் குரூக்ஸ், கோதுமை உண்ணும் மக்களின் தொகை பெருக, விளைநிலம் போதாது போகும் என எச்சரித்தார். பயிருக்கு நைதரசன் வேண்டும். அக்காலத்தில் அதற்குரிய பசளை, பெரும்பாலும் தென்னமெரிக்காவின் அற்றகாமாப் பாலைவனத்திலிருந்து கப்பலேறிய சிலி வெடியுப்பேயாகும். அது தோண்டத் தோண்டக் குறையும் பொருள். காற்றிலோ நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் உண்டு. ஆயினும் அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பாலே இறுகக் கட்டுண்டவை. கடலின் நடுவே தாகத்தாற் தவிப்பவனைப்போலப் பயிர்கள் நைதரசனிடையே நின்று நைதரசனின்றி வாடின. அக்கட்டை அவிழ்ப்பவரே பசியைத் தீர்ப்பவர் என்பது குரூக்ஸின் உரையினது சாரம்.

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலே பேராசிரியராயிருந்த பிரிட்ஸ் ஹேபர் இவ்வேலையை மேற்கொண்டார். நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்குவதே அவர் நோக்கம். வெப்பம் மிகுந்தால் மாற்றம் விரைவாகும். ஆனால் உண்டான அமோனியா மீண்டும் சிதையும். வெப்பம் குறைந்தால் அமோனியா நிலைக்கும். ஆனால் மாற்றமே நிகழாது. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண மிகுந்த அமுக்கமும் தக்க ஊக்கியும் வேண்டியிருந்தன. றொபேட் லெ றொசிஞோல் என்னும் இளைஞரின் கைத்திறன், அமுக்கத்தைத் தாங்கும் கருவியை ஆக்கித் தந்தது. 1909 யூலை 2 ஆம் நாள், பி.ஏ.எஸ்.எவ். என்னும் பெரிய இரசாயன நிறுவனத்தார் முன்னிலையில் அமோனியா துளித்துளியாக விழுந்தது. அன்று ஊக்கியாக நின்றது ஒசுமியம். அது மிக அரிய உலோகம். உலகமெங்கும் தேடினும் ஒரு பெருந் தொழிற்சாலைக்குப் போதிய அளவு கிடையாது.

ஆகவே எளிதிற் கிடைக்கும் ஊக்கியைத் தேடும் பணி, அந்நிறுவனத்தின் அல்வின் மிற்றாஷ் என்பாரிடம் வந்தது. அவர் சிறிய சோதனைக் கருவிகள் பலவற்றை அமைத்து, ஒரு பொருளின்பின் ஒரு பொருளாகச் சோதித்தார். சில ஆண்டுகளில் நடந்த சோதனைகள் பல ஆயிரம். தூய இரும்பு அவருக்கு ஏமாற்றத்தையே தந்தது. ஆயினும் 1909 இன் இறுதியில், சுவீடனிலிருந்து வந்த காந்தக்கல் இரும்புத் தாதுத் துண்டொன்று எதிர்பாராத வகையில் நன்கு செயற்பட்டது. அதனுட் கலந்திருந்த மாசுகளே அதற்குக் காரணம் என மிற்றாஷ் ஊகித்தார். மாசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்து, இரும்போடு சிறிதளவு அலுமினியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைக் கூட்டிய கலவையை அடைந்தார். சில மாசுகள் இரும்பின் ஆற்றலை வளர்த்தன. கந்தகம் போன்றவையோ அணுவளவு கலந்தாலும் அதனைக் கொன்றன. ஏன் அவ்வாறாயிற்று என்பதை மிற்றாஷ் அறியார், எவரும் அறியார். சமையலிற் கைப்பக்குவம் வாய்த்தவர் அளவு சொல்லாது உப்பிடுவதைப்போல, அனுபவமே அங்கு வழிகாட்டியாயிற்று.

தொழிற்சாலையை எழுப்பியவர் கார்ல் பொஷ். அவர் எதிர்கொண்ட முதற் பகையும் உலோகத்தின் புறத்திலிருந்தே உள்ளே நுழைந்தது. சூடும் அமுக்கமும் மிகுந்த ஐதரசன் உருக்குக் குழாயினுட் புகுந்து, உருக்குக்கு உறுதி தரும் காபனைக் கவர்ந்தது. குழாய்கள் சில நாளில் வெடித்தன. காபனற்ற மெல்லிரும்பை உள்ளுறையாக்கி, வெளியுறையான உருக்கிலே சிறு துளைகளை இட்டு, கசியும் ஐதரசனை வெளியேற்றிப் பொஷ் அவ்விடரை வென்றார். 1913 செப்டெம்பரில் ஓப்பாவ் என்னும் ஊரிலே உலகின் முதலாவது செயற்கை அமோனியா ஆலை இயங்கத் தொடங்கியது.

பசிக்கு மருந்தாக எழுந்த ஆலை போருக்குத் துணையாயிற்று. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், பிரித்தானியக் கடற்படையின் தடையாற் சிலி வெடியுப்பு ஜேர்மனியை அடையவில்லை. வெடியுப்பின்றி வெடிமருந்தில்லை. அமோனியாவிலிருந்து நைத்திரிக்கமிலம் செய்யும் வழி இருந்தமையால், பசளைக்கு மூலமான பொருளே வெடிமருந்துக்கும் மூலமாயிற்று. அம்மாற்றத்தைச் செய்ததும் திண்ம ஊக்கியின் மேற்பரப்பே. 1917 இல் லொய்னாவில் இரண்டாவது பேராலை எழுந்தது. இந்த ஆலைகள் இல்லாதிருப்பின் ஜேர்மனி அவ்வளவு காலம் போரிட்டிருக்க முடியாது என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. ஹேபரோ அதனினும் ஒருபடி மேலே சென்றார். 1915 ஏப்பிரில் 22 ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையிலே குளோரின் நச்சுவாயு திறந்துவிடப்பட்டபோது, அத்திட்டத்தை நடத்தியவர் அவரே. 1918 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அமோனியா ஆக்கத்துக்காக அவருக்கு வழங்கப்பட்டவேளை, பிற நாட்டறிஞர் பலர் வெகுண்டனர். 1921 செப்டெம்பர் 21 ஆம் நாள் ஓப்பாவ் ஆலையிற் பசளைக் குவியல் வெடித்து 500 க்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய்நாட்டுக்காக அறநெறியையும் துறந்த ஹேபர், யூதக் குலத்திற் பிறந்தவர். 1933 இல் நாசி ஆட்சி யூத அறிஞரை நீக்கப் பணித்தபோது அவர் தம் பதவியைத் துறந்து நாட்டைவிட்டு நீங்கினார். 1934 சனவரியில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அவர் உயிர் பிரிந்தது.

இத்தனைக்கும் பின்னர், அந்த இரும்பு என்ன செய்கின்றது என்னும் கேள்வி விடையின்றியே நின்றது. விடைக்கு வேண்டிய கருத்துகள் வேறிடங்களிலிருந்து வந்தன. அமெரிக்காவின் ஸ்கெனக்டடி நகர் மின்விளக்கு ஆய்வுகூடத்தில் ஏர்விங் லாங்மியூர், மின்குமிழின் தங்குதன் இழைமீது வாயுக்கள் படுவதை ஆராய்ந்தார். வாயு மூலக்கூறுகள் மேற்பரப்பில் ஓரணுத் தடிப்புள்ள படையாக ஒட்டிக்கொள்ளும் என்றும், அங்கே இடமெல்லாம் நிரம்பியபின் மேலும் ஒட்டா என்றும் 1916 முதல் 1918 வரை வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவினார். 1932 இன் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1925 இல் ஹியூ டெய்லர், மேற்பரப்பின் எல்லா இடமும் ஒரே ஆற்றலுடையதன்று, மாற்றத்தை நிகழ்த்தும் சிறப்பிடங்கள் சிலவே உள என்றார். 1938 இல் புறுணவர், எமெற், ரெல்லர் ஆகிய மூவர், பொடியொன்றின் மேற்பரப்பை வாயுவைக்கொண்டு அளக்கும் முறையைத் தந்தனர். அம்முறையால் அளந்தபோது, ஒரு கிராம் அமோனியா ஊக்கியின் நுண்துளைகளிலே 10 சதுர மீற்றருக்குக் குறையாத பரப்பு மறைந்திருப்பது தெரிந்தது. ஓர் அறையின் தரையளவு பரப்பு, சிறு கரண்டியில் அடங்கும் பொடியுள் ஒடுங்கியிருந்தது.

எனினும் ஒரு தடை எஞ்சியது. மேற்பரப்பை ஆராய அது தூய்மையாக இருத்தல் வேண்டும். ஆனால் காற்றிலே தூய மேற்பரப்பு நிலைப்பதில்லை. ஒரு சதுர சதம மீற்றர் உலோகப் பரப்பில் ஏறக்குறையப் பத்துக் கோடி கோடி அணுக்கள் உள. காற்று மூலக்கூறுகள் மோதும் வேகத்தில், ஒரு செக்கனின் நூறு கோடியில் ஓரிரு பங்கு நேரத்துள் அவை யாவும் மூடப்பட்டுவிடலாம். காண வேண்டிய முகத்தைக் காணுமுன்னரே திரை விழுந்துவிடுகின்றது. சில மணி நேரமாவது அத்திரையைத் தடுக்க, கலனிலுள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பத்து இலட்சங் கோடியில் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். அத்தகைய வெற்றிடத்தை ஆக்கவும் அளக்கவும் வல்ல நுட்பம் 1950 களிலேயே கைகூடியது. 1927 இல் டேவிசனும் ஜேர்மரும் நிக்கற் பளிங்கின்மீது இலத்திரன்களைச் செலுத்தி அவை அலைபோலச் சிதறுவதைக் கண்டிருந்தனர். அம்முறையே பின்னர் மேற்பரப்பணுக்களின் அடுக்கைக் காட்டும் கருவியாயிற்று.

இக்கருவிகளைக்கொண்டு இரும்பின் மறைபொருளை வெளிப்படுத்தியவர் கெர்ஹார்ட் ஏர்ட்ல். 1936 இல் ஸ்ருட்கார்ட் நகரிற் பிறந்த இவர், 1970 களில் மியூனிக் பல்கலைக்கழகத்திலே ஒற்றைப் பளிங்கு இரும்பின் தூய முகங்களை வெற்றிடத்தில் வைத்து ஆராய்ந்தார். நைதரசன் மூலக்கூறு முழுமையாக நின்று ஐதரசனோடு சேர்கின்றதா, அன்றி முதலில் இரு அணுக்களாகப் பிளக்கின்றதா என்பதே தீர்க்கவேண்டிய வழக்கு. மேற்பரப்பில் நைதரசன் தனி அணுக்களாக நிற்பதை அவர் கண்டார். ஐதரசனைச் செலுத்த, அவ்வணுக்களின் தொகை குறைந்தது. எனவே ஐதரசன் சேர்வது அத்தனி அணுக்களோடேயாம். ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாக ஐதரசன் அணுக்கள் சேர, அமோனியா உருவாகிப் பரப்பைவிட்டு நீங்குகின்றது. யாவற்றிலும் மெதுவான படி, நைதரசன் பிளவுறும் முதற் படியே. மிகச் சிறந்த இரும்பு முகத்திலும் பத்து இலட்சம் மோதல்களில் ஏறக்குறைய ஒன்றே பிளவில் முடிகின்றது. பளிங்கின் முகத்துக்கு முகம் ஆற்றல் வேறுபடுவதும் தெரிந்தது. மிற்றாஷ் கைப்பக்குவத்தாற் சேர்த்த பொற்றாசியத்தின் வேலையும் விளங்கிற்று: அது இரும்பின் மேற்பரப்புக்கு இலத்திரனை ஈந்து, நைதரசனின் இறுகிய கட்டைத் தளரச் செய்கின்றது. 1909 இற் கேட்கப்பட்ட கேள்விக்கு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது.

1986 இல் ஏர்ட்ல் பெர்லினிலே ஓர் ஆய்வுநிலையத்தின் பணிப்பாளரானார். 1911 இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் முதற் பணிப்பாளர் ஹேபர். 1953 முதல் அது ஹேபரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2007 ஒக்ரோபர் 10 ஆம் நாள், தமது 71 ஆம் பிறந்தநாளன்று, இரசாயனத்துக்கான நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தியை ஏர்ட்ல் கேட்டார்.

இன்று உலக மக்களிற் பாதிப்பேர் அளவினரின் உணவு, இரும்பின் மேற்பரப்பிற் பிளவுற்ற நைதரசனைச் சார்ந்துள்ளதென அறிஞர் கணிக்கின்றனர். அது பிளவுறாவிடின் என்னாகும் என்பதை இலங்கை உழவர் அண்மையிற் கண்டனர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியது. ஆயினும் அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. மறுபுறம், மிகுதியாக இடப்படும் பசளை நீர்நிலைகளைக் கெடுக்கின்றது. இயற்கை வாயுவிலிருந்து ஐதரசன் எடுத்து அமோனியா செய்யும் ஆலைகள், உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்பட்டதை வெளிவிடுகின்றன. குறைந்த சூட்டிலும் குறைந்த அமுக்கத்திலும் தொழிற்படும் ஊக்கியை விஞ்ஞானிகள் இன்றும் தேடுகின்றனர். அவரை மரபுக்குப் பல ஆயிரம் சோதனைகள் வேண்டியதில்லை. அதன் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியங்கள் மண்ணின் சாதாரணச் சூட்டிலே அதே கட்டை அவிழ்க்கின்றன.

மிற்றாஷ் இருளில் தடவிக் கண்ட கலவை, சிறு மாற்றங்களோடு இன்றும் ஆலைகளில் உள்ளது. இனி வரும் ஊக்கியைத் தேடுவோர் இருளில் தடவ வேண்டியதில்லை. எந்தப் படியில் இரும்பு தயங்குகின்றது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அப்பரப்பில் விளையும் அமோனியா வயலுக்குச் செல்வதா, வெடிமருந்துச் சாலைக்குச் செல்வதா என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை. அத்தீர்ப்பு 1913 இல் மனிதர் கையில் இருந்தது. இன்றும் அங்கேயே இருக்கின்றது.