கடிகாரத்தை மாற்றிய கதையும் வீட்டு மீட்டரும்

 

போன கிழமை என் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது. காரணம் கேட்டேன். "வீட்டில கரண்ட் வெட்டிட்டாங்க சேர்" என்றது. சில மாத பில் சேர்ந்துவிட்டதாம். அன்று இரவு எனக்குப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கரண்டை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு நாடே கடிகாரத்தை மாற்றிய கதை.

1996ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அப்போது நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்துதான் வந்தது. லக்சபான, விக்டோரியா என்று எல்லாமே மலைநாட்டு நீர்த்தேக்கங்களை நம்பியவை. தண்ணீர் இறங்கியதும் பல மணி நேர மின்வெட்டு வந்தது. மே 25ஆம் திகதி அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது.

ஏன்? மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரைதான் நாட்டில் கரண்ட் அதிகமாக இழுபடும் நேரம். மணியை முன்னுக்குத் தள்ளினால் சனங்கள் பகல் வெளிச்சத்திலேயே வேலைகளை முடித்து, நேரத்தோடு விளக்கை அணைப்பார்கள் என்பது கணக்கு. இது புதிய யோசனையும் அல்ல. 1916இல், முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனி இதைச் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையிலும் செய்தார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். 6.20 போல் கேட்ட மஃரிப் பாங்கு திடீரென்று 7.20க்குக் கேட்டது. "மணிதான் மாறியிருக்கு மகன், பொழுது மாறல்ல" என்றார் வாப்பா. காலையில் சூரியன் உதிக்கவே ஏழு மணியாகும். இருட்டோடு எழும்பி, விளக்கைப் போட்டுத்தான் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தினார்கள். மாலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு காலையில் போய்விட்டது. அந்த ஒக்டோபரிலேயே அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் பழைய நேரத்துக்கே முழுதாகத் திரும்பினோம்.

இதெல்லாம் நடந்தபோது இலுப்பைக்கடவைப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்கள் நேரத்தை மாற்றவில்லை. மன்னார் நகரத்தில் ஒரு மணி, இங்கே இன்னொரு மணி. மிச்சம் பிடிக்கக் கரண்டும் இங்கே இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயே கிடைப்பது கஷ்டம். ஜாம் போத்தலில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, திரியைச் சுருக்கி எரித்த காலம் அது. இன்றைக்கும் இங்குள்ள அம்மாமார் சொல்வார்கள்: "போத்தலைப் பார்த்தாலே தெரியும் தம்பி, இன்னும் எத்தனை நாளைக்குப் போகும் எண்டு."

நான் சொல்ல வந்ததே இதுதான். நேரத்தை மாற்றி அரசாங்கம் போட்ட கணக்கை விட, போத்தலைப் பார்த்து நம் அம்மாமார் போட்ட கணக்கு சரியாக இருந்தது. எரிவது கண்ணுக்குத் தெரிந்தது. யுத்தம் முடிந்து மின்கம்பங்கள் வந்தன, போத்தல் போனது. கூடவே அளந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அந்த ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது. பின்பு ஏறி இறங்கினாலும், பில் வந்த பிறகுதான் நாம் திடுக்கிடுகிறோம்.

இப்போது நம் போத்தல் வாசலில் இருக்கும் மீட்டர்தான். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், சுபஹுக்குப் பிறகோ விளக்கு வைக்கும் நேரத்திலோ, அதன் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நேற்றைய இலக்கத்தை இன்றையதிலிருந்து கழித்தால் ஒரு நாள் செலவு வரும். இப்போதுள்ள முறையில் 30 நாளில் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் விலை கூடும். ஆகவே ஞாபகம் வைக்க வேண்டியது ஒரு நாளைக்கு 2 யூனிட்.

1000 வோட் அயன்பொக்ஸ் ஒரு மணித்தியாலம் சூடாகவே நின்றால் 1 யூனிட். 60 வோட் குண்டு பல்ப் தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிட், அதே இடத்தில் 9 வோட் எல்ஈடி என்றால் ஒன்றரை யூனிட்டும் வராது. உடுப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை சேர்த்து அயன் பண்ணினாலே வித்தியாசம் கொப்பியில் தெரியும். பிள்ளை படிக்கும் விளக்கை மட்டும் அணைக்காதீர்கள். அது செலவே இல்லை.

என் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் வீட்டு மீட்டரை எழுதப் போகிறார்கள். கணிதப் பாடமும் ஆச்சு. மீட்டர் வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், நானே வீட்டுக்கு வந்து காட்டித் தருகிறேன்.

வஸ்ஸலாம்.