உணவும் மருந்தும்: லூ குவெய்-ஜென்னின் பணி

1850களில் தங்கம் தேடி விக்டோரியாவுக்கு வந்த சீனருடன் அவர்களின் மூலிகை வைத்தியரும் வந்தனர். அந்த வைத்தியத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2000ஆம் ஆண்டில்தான். அன்று விக்டோரியா இயற்றிய சீன மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழியில், 2012இல் அவுஸ்திரேலியா முழுவதற்கும் பதிவுமுறை வந்தது. நமது சித்த வைத்தியத்துக்கு இங்கு அத்தகைய பதிவு இல்லை. நாம் தொகையில் சிறியவர்கள் என்பது ஒரு காரணம். சீனர் தமது மருத்துவத்தின் வரலாற்றை உலகம் படிக்கும் மொழியில் எழுதிவைத்தார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர் லூ குவெய்-ஜென். 1904இல் நாஞ்சிங் நகரில் மருந்து வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சாங்காயில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். 1937இல் மேலாய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வாண்டு முடியுமுன்னரே பிறந்த ஊர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பல நாடுகளில் பணியாற்றி, 1957இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் வந்து நிலைத்தார். ஜோசப் நீடத்துடன் சேர்ந்து சீன உணவு மருத்துவ வரலாறு பற்றி 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விற்றமின் என்ற சொல் பிறக்குமுன்னரே சில நோய்களை உணவால் தீர்க்கலாம் எனச் சீன வைத்தியர் அறிந்திருந்தனர் என்பதைப் பழைய நூல்களைக் கொண்டு காட்டிய கட்டுரை அது. 1991இல் அவர் காலமானார். நீடத்துடன் எழுதிய மருத்துவ வரலாற்றுக் கட்டுரைகள் 2000இல் நூலாயின.

பெரிபெரியின் கதையில் நமக்கும் பங்குண்டு. மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். பிராடன் என்ற ஆங்கில வைத்தியர் இதைக் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி1இன் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதை நடைமுறையில் கொண்டிருந்தவர்கள் நாம்; எழுதியவர்கள் பிறர்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பரியாரிமாரின் பத்தியமும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தண்ணியும் இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் முதியோரின் நினைவில் இருக்கின்றன. அவற்றைப் பெருமை பேசாமல், எது பயன் தந்தது, எது தரவில்லை என்று ஆராய்ந்து எழுத வேண்டும். மருந்து வணிகரின் மகள் செய்தது அதைத்தான். நம்மிடையே உயிரியலும் மருத்துவமும் கற்ற பிள்ளைகள் பலர். அம்முதியோர் இருக்கும்போதே அவர்களில் ஒருவராவது இதைத் தொடங்க வேண்டும்.