இல்லாத காலில் நோகும் வலி: மூளையைத் தூண்டும் சிகிச்சை என்ன செய்யும்?

தன்னாமுனையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருக்கும் மாமாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. போர்க்காலத்தில் எறிகணை வீச்சில் போனது. ஆனால் இரவில் அவருக்கு நோவது அந்தக் கால்தான். "பெருவிரலப் பிடிச்சு முறுக்குற மாதிரிக் கிடக்கு மகன். சொன்னா ஆரு நம்புவாங்க?" என்பார். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் வைத்தியரிடமும் இதுவரை சொல்லவில்லை.

நம்பத்தான் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த படையினருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இதை 'மாய உறுப்பு' என்று எழுதினார். கால் போனாலும் மூளையில் காலுக்குரிய பகுதி இருக்கிறது. அறுந்த நரம்புகளும் முள்ளந்தண்டும் மூளையும் சேர்ந்தே இந்த நோவை உண்டாக்குகின்றன. இது மனப்பிரமை அல்ல.

மூளையை எப்படித் தூண்டுகிறார்கள்?

மருந்துக்கு அடங்காத நரம்பு வலிக்கு மூன்று வழிகள் ஆராயப்படுகின்றன.

முதலாவது, மண்டையோட்டைத் திறந்து, உடலசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் மேல் மின்முனை வைப்பது. யப்பானில் சுபோகாவா குழுவினர் 1991இல் இதை வெளியிட்டனர்.

இரண்டாவது, வெட்டாமல் தலைக்கு வெளியே சுருள் வைத்துக் காந்தத் துடிப்புகள் செலுத்துவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1985இல் அன்ரனி பாக்கர் குழு உருவாக்கிய கருவியிலிருந்து வந்தது. பல நாட்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். சிலருக்கு வலி குறையும். ஆனால் நாளடைவில் திரும்பலாம்.

மூன்றாவது, மூளையின் ஆழத்தில் மின்கம்பி பொருத்துவது. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2023இல் நான்கு பேரின் மூளைச் சைகைகளிலிருந்து வலியின் அளவைக் கணித்தனர். அவர்களில் ஒருவர் உறுப்பு இழந்தவர். இது இன்னமும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

தலையில் சிதறல் இருந்தால்

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. எறிகணைச் சிதறல் தலையில் இருப்பவர்களுக்குக் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம். வலிப்பு வந்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் சிகிச்சை தேடும் உறவுகளும் இதை மறக்கக்கூடாது.

இப்போது என்ன செய்யலாம்?

நரம்பு வலிக்கென்று அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற குளிசைகள் உள்ளன. வைத்தியர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பயிற்சியை அறிமுகப்படுத்தினார். இருக்கும் காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் பார்த்தபடி அசைப்பதுதான் அது. எல்லோருக்கும் பலிக்காது, செலவு குறைவு. இயன்மருத்துவர் ஒருவரிடம் பழகுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முதல்படி, வாய்திறந்து சொல்வது. "கால் நோகுது" என்று மட்டும் சொல்லாமல், "இல்லாத கால் நோகுது" என்றே சொல்லுங்கள். எரிவா, முறுக்கா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மாமாவும் நானும் அதைக் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன்.