எழுத்தில் எழுந்த அரட்டை

கடிதம் தமிழுக்குப் பழையது. தூது அதனினும் பழையது. இரண்டிலும் மறுமொழி வரும்வரை காத்திருத்தல் உண்டு. அந்தக் காத்திருத்தலிலிருந்தே ஓர் இலக்கிய வகை பிறந்து வளர்ந்தது. ஆனால் எழுதிய வரிக்கு மறுமுனையிலிருந்து உடனே எழுத்திலேயே விடை வருவது, பேச்சின் வேகமும் எழுத்தின் உருவும் ஒன்றாகக் கூடுவது, தமிழர் அதற்குமுன் அறியாத ஒன்று. இணைய உரையாடல் என்று ஏடுகளில் எழுதுகிறோம். மக்கள் இட்ட பெயர் 'சாட்'. அரட்டை என்ற நம் சொல்லும் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. அந்த அரட்டைக்குள் தமிழர் முதன்முதலில் எவ்வாறு நுழைந்தனர், எந்த எழுத்தைக் கொண்டு நுழைந்தனர் என்பதை வரலாறாகச் சொல்லிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வத்தலக்குண்டில் மலரும் ஒரு மலருக்கு இது பொருந்துமா என்று அன்பர்கள் கேட்கலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த பி. ஆர். ராஜமய்யர், 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கு உரிய ஏடாக்கிய பி. எஸ். ராமையா, 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா ஆகிய மூவரும் இம்மண்ணுக்கு உரியவர்கள். பேச்சை ஏட்டில் ஏற்றுவது எப்படி, ஏறியதைக் காப்பது எப்படி என்ற இரு கேள்விகளுக்கும் தம் வாழ்நாளைக் கொடுத்தவர்கள் அவர்கள். அதே கேள்விகளே இங்கும் எழுகின்றன.

தொடக்கம் அமெரிக்காவில். 1973-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்னும் கணிப்பொறி அமைப்பில் டக் பிரவுன், டேவிட் வூலி இருவரும் டாக்கோமேட்டிக் என்றொரு நிரலை உருவாக்கினர. ஓர் அரங்கில் ஐவர் பேசலாம். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அக்கணமே மற்றவர் திரையில் தோன்றும். அவர் தயங்குவதும் அழிப்பதும் கூடத் தெரியும். 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் ஐ.ஆர்.சி. என்னும் முறையைத் தொடங்கினார். அதில் வரியை முழுதாக எழுதி முடித்து அனுப்ப வேண்டும். பின்னால் உலகம் ஏற்றுக்கொண்டது இதைத்தான். தயக்கத்தை மறைத்து முடிவை மட்டும் காட்டும் இம்முறை கவிஞர்களுக்கு ஏற்றதே. அடித்தல் திருத்தல்களைப் பிறருக்குக் காட்ட எந்தக் கவிஞர் விரும்புவார்? 1991-இல் வளைகுடாப் போரின்போதும், அதே ஆண்டு மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும் செய்திகள் ஐ.ஆர்.சி. வழியே பரவியதால் அது புகழ் பெற்றது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வழியே வந்தது. 1998 நவம்பருக்குப் பிறகு தனியாரும் இச்சேவையை வழங்கலாயினர். அதன் விளைவாகப் பெருநகரங்களிலும், பின்னர்ச் சிற்றூர்களிலும் மரப்பலகைத் தடுப்புகளுக்கு இடையே கணிப்பொறிகளை வரிசையாக வைத்த பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. பெரும்பாலான தமிழ் இளைஞர்களின் முதல் அரட்டை அங்கேதான் நிகழ்ந்தது. இஸ்ரேலிய இளைஞர்கள் 1996-இல் உருவாக்கிய ஐ.சி.க்யூ., 1998 மார்ச்சில் பேஜர் என்ற பெயரில் பிறந்து மறு ஆண்டில் மெசஞ்சர் ஆன யாஹூவின் செயலி ஆகியவையே அன்றைய வாயில்கள். (அந்த 1998-இன் டிசம்பரில்தான் செல்லப்பா மறைந்தார்.)

புதிதாய் நுழைபவர் முதலில் தமக்கொரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் நம்மவர்க்குத் தொல்லை இல்லை. புனைபெயர் மரபு நமக்கு நெடியது. தம் பெயரை வேறொருவர் முன்பே எடுத்துக்கொண்டிருந்தால் அதனோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்ததுதான் புதுமை. அடுத்து ஓர் 'அறை'யைத் தேர்ந்து நுழைய வேண்டும். நுழைந்தவுடன் முகமறியா ஒருவரிடமிருந்து 'ஏ.எஸ்.எல்.' என்ற மூன்றெழுத்து வரும். வயது, பால், ஊர் ஆகியவற்றைக் கேட்கும் குறுக்கம் அது. ஊரையும் உறவையும் கேட்டறிந்த பின்னரே பேசத் தொடங்கும் நம் திண்ணைப் பழக்கத்துக்கு அது அப்படியொன்றும் அந்நியமன்று. திண்ணையில் பொய் சொன்னால் மாலைக்குள் அகப்பட்டுவிடுவோம் என்பது ஒன்றே வேறுபாடு.

உண்மையான இடர் எழுத்தில் இருந்தது. விசைப்பலகை ஆங்கிலம். ஆகவே தமிழர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினர். பேசும்போது இதன் இழப்பு தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எம், ஏ, என், ஏ, எம் என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டினால் அது மனமா, மணமா, மானமா? படிப்பவர் சூழல் கொண்டு ஊகிக்க வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் பலர் தட்டுதலில் ஒன்றாயின. ரகரமும் றகரமும் பிரிவிழந்தன. கவிஞர்களுக்கு இதனினும் பெரிய இழப்பு குறில் நெடில் வேறுபாடு மறைந்தது. மனம் நிரை, மானம் நேர் நேர். ஒரே ஐந்தெழுத்து இரண்டுக்கும் நின்றால் சீர் ஏது, தளை ஏது? வெண்பாவை அவ்வடிவில் அனுப்பினால் பெறுபவர் அலகிட முடியாது. புதுக்கவிதை அன்பர்கள் தமக்கு இழப்பில்லை என்று மகிழலாம். ஆனால் மணத்தையும் மனத்தையும் அவர்களும் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றும் பணி புலம்பெயர்ந்த தமிழரிடமே முதலில் விரைவு கொண்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' தந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை அமைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பகுதி அவர் உழைப்பால் தமிழ் எழுத்திலேயே வந்தது. இணையத்தில் தமிழ் எழுத்து கால்வைத்தபோது கவிதையோடு வந்தது என்பது நம் வட்டத்தார் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே காரணர்; 1999-இல் மறைந்தார்.

ஆயினும் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியீடு என்ற நிலை அரட்டைக்குப் பெருந்தடை. இணைய ஏட்டைப் படிப்பவர் அதன் எழுத்துருவை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். அரட்டையிலோ இருமுனையிலும் ஒரே குறியீட்டுக்கான எழுத்துரு இருத்தல் வேண்டும். இல்லையேல் 'நலமா' என்று கேட்டது மறுமுனையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாய்ச் சிதறும். இணையத் தமிழர் கூடி வகுத்த டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை ஒற்றுமை தேடியவையே. எனினும் ஒன்றன்று, மூன்று! அம்மாநாடு தந்த அருங்கொடை தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். நம் இலக்கணத்தை அறிந்த விசைப்பலகை அது. பரவாமல் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

குழப்பத்தைத் தீர்த்தது யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே சாதாரணக் கணிப்பொறியில் அது உயிர் பெற்றது. பழைய விண்டோஸ் 98-ஐ வைத்திருந்த மையங்களுக்கு அந்நலம் எட்டவில்லை. 2000-களில் பரவிய இ-கலப்பை என்னும் இலவச மென்பொருளால் எண்ணற்றோர் தமிழில் தட்டக் கற்றனர். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான செல்லினம் கைப்பேசிக்குத் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொணர்ந்தது. 2017 ஆகஸ்டில் கூகிளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்ந்தது. விசை தேட முடியாத முதியவரும் இன்று வாயால் சொல்லித் தமிழெழுத்தில் அரட்டையடிக்கலாம்.

தடை நீங்கியும் ஆங்கில எழுத்துத் தமிழ் அழியவில்லை. பழக்கம் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்பது என் கருத்து. தமிழெழுத்தைக் கண்டதும் நம் கை செந்தமிழுக்குத் திரும்புகிறது. 'வந்துட்டேன்' என்பதை ஆங்கில எழுத்தில் கூசாமல் தட்டுபவர், தமிழெழுத்தில் 'வந்துவிட்டேன்' என்று எழுதிவிட்டு, இது கடிதம்போல் இருக்கிறதே என்று தயங்குகிறார். பேச்சுத் தமிழைத் தமிழெழுத்தில் எழுதும் துணிவு வேண்டியிருக்கிறது. 1893-இல் தொடராக வரத்தொடங்கிய நாவலில் மதுரைச் சீமைச் சிற்றூர் மாந்தரைத் தத்தம் வாய்மொழியிலேயே பேசவைத்தார் ராஜமய்யர். அச்சேறத் தகாதது என்று பண்டிதர் ஒதுக்கிய பேச்சை அச்சேற்றிய அவரது துணிவே இன்று அரட்டைக்குப் புதிதாய் வரும் ஒவ்வொருவருக்கும் தேவைப்படுகிறது.

இனிக் காத்தல். யாஹூவின் பொது அரட்டை அறைகள் 2012 டிசம்பரில் மூடப்பட்டன. மெசஞ்சர் 2018 ஜூலை 17-இல் நின்றது. பழைய பேச்சுகளை எடுத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தந்தனர். கடவுச்சொல்லை மறந்தவர்க்கு அது பயன்படவில்லை. ஐ.சி.க்யூ.வும் 2024 ஜூனில் ஓய்ந்தது. மையக் கணிப்பொறிகளில் தட்டியவை அவற்றோடு பழைய இரும்புக்குப் போயின. தமிழர் முதன்முதலில் எழுத்தில் அரட்டையடித்த பத்தாண்டுகளுக்கு இன்று ஏறக்குறைய சான்றே இல்லை. 1959 முதல் 1970 வரை செல்லப்பா நடத்திய 'எழுத்து' 119 இதழ்களும் நமக்குக் கிடைக்கின்றன. அச்சு மையும் தாளும் யாஹூவின் கணிப்பொறிகளை வென்றுவிட்டன. மணிக்கொடியினர் வாயால் பேசியதும் காற்றோடு போயிருக்க வேண்டியதே. ராமையா தம் முதுமையில் நினைவிலிருந்து 'மணிக்கொடிக் காலம்' எழுதியதால் அது தங்கிற்று. 1982-இல் அந்நூல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

நம் வட்டத்திலும், சுற்றுவட்டாரத்திலும், அந்த மரத்தடுப்புகளுக்கு இடையே அமர்ந்து முதல் வரியைத் தட்டியவர்கள் இன்று நாற்பதைக் கடந்து நிற்கிறார்கள். எந்தப் பெயரில் நுழைந்தார்கள், எந்த எழுத்துருவைத் தேடினார்கள், 'நலமா' என்பது முதன்முதல் தமிழெழுத்தில் வந்து சேர்ந்தபோது என்ன மறுமொழி அனுப்பினார்கள் என்பவற்றை அவர்கள் தாளில் எழுதித் தந்தால், அடுத்த மலரில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டுமென ஆசிரியர் குழுவை வேண்டுகிறேன்.