ரேந்தைப் பின்னலும் நாஞ்சில் நாட்டுப் பெண்களும்

லேஸ் என்று இன்று நாம் சொல்வதை நம் பாட்டிமார் 'ரேந்தை' என்றே சொன்னார்கள். அது 'ரெண்டா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் உருவம். சாவி, அலமாரி, சன்னல் ஆகியவற்றோடு கப்பலேறி வந்த சொல் அது. ஆகவே நாகர்கோவில் பக்கத்து ரேந்தைத் தொழிலை ஆங்கிலேயர் தொடங்கினர் என்று வரலாறு சொல்லும்போது, பொருளுக்கு முன்பே பெயர் நம் கரையில் இறங்கிவிட்டதை நாம் மறக்க வேண்டாம்.

தொழிலாக அது வளர்ந்த கதை மார்த்தா மால்ட் அம்மையாரிடமிருந்து தொடங்குகிறது. இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியாராகிய அவர், 1819ஆம் ஆண்டளவில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை நடத்தலானார். எழுத்தும் வாசிப்பும் கற்பித்ததோடு ரேந்தை பின்னவும் கற்பித்தார். அவர் கற்பித்தது குரோஷா அன்று. திண்டின் மேல் வரைபடத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டும் முறுக்கியும் பின்னும் முறை. நான்கு நூல்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நல்ல வேலைக்குப் பல சோடிக் கட்டைகள் வேண்டும். கை ஓடத் தொடங்கிவிட்டால் மனம் தானே அடங்கும் என்பது செய்து பார்த்தவர்கள் சொல்வது. செபமாலை மணிகளை விரல்கள் எண்ணும்போது நமக்கு வாய்க்கும் அமைதிக்கும் இதற்கும் ஏதோ உறவு உண்டு.

ஆயினும் இந்த அமைதியை அனுபவித்தவர்கள் யார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி நிலவியது. 1855ஆம் ஆண்டில்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, ரேந்தை விற்றுக் கிடைத்த பணத்தைச் சேர்த்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினர் என மிஷனரிகளின் பதிவுகள் கூறுகின்றன. நூலால் பின்னிய பணம் சங்கிலியை அறுத்தது!

இன்னொன்றும் உண்டு, இதை எண்ணும்போதெல்லாம் நம் மனம் கனக்கிறது. நாடார் முதலிய சமூகங்களின் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணியக் கூடாதென்று அந்நாட்டு வழக்கம் தடுத்தது. 1822 முதல் தோள்சீலைக் கலகங்கள் மீண்டும் மீண்டும் மூண்டன. 1859 சூலையில் உத்திரம் திருநாள் மன்னர் வெளியிட்ட அறிக்கைதான் மேலாடைக்கு வழி திறந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்கள் அணியும் பாங்கில் அணியலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. சீமைப் பெண்களின் கழுத்துப் பட்டிக்கும் கைமுனைக்கும் அழகு பின்னித் தந்த மரபினர், தம் தோளில் ஒரு சீலை போட அரசாணைக்குக் காத்திருந்தனர்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலித் தேரிக்காட்டு இடையன்குடிக்குச் சென்றபோது, ரேந்தையும் உடன் சென்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை நாம் அறிவோம். அவர் மனைவியின் ரேந்தைப் பள்ளியை அந்த அளவுக்கு அறிவதில்லை. கத்தோலிக்கர் பக்கத்தில், 1897இல் பெல்ஜிய நாட்டுத் துறவி அன்னை மரி லூயிஸ் தே மீஸ்டர் முளகுமூட்டிற்கு வந்து அநாதைச் சிறுமிகளை ஏற்றார். அங்கும் ஊசியும் நூலும் அன்றாடப் பாடங்களாயின. பூவேலைக்கும் ரேந்தைக்கும் அந்தக் கன்னியர் மடம் பேர்பெற்றது.

இங்கே ஒரு கேள்வியை நாம் விழுங்கிவிடக் கூடாது. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்ற பேச்சு இத்தொழிலை விடாமல் தொடர்ந்தது. கோதாவரிக் கரை நரசாப்பூரில் குரோஷா பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் எழுதிய நூல் இதைத்தான் உடைத்துக் காட்டியது. அப்பெண்களை இல்லத்தரசிகள் என்றும், அவர்கள் உழைப்பைப் பொழுதுபோக்கு என்றும் வியாபாரிகள் அழைத்தனர். உலகச் சந்தைக்குப் போன பொருளுக்கு அற்பக் கூலி தந்தனர். பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் நியாயமான கூலியைப் பற்றி எழுதிய சுற்றுமடலை நாம் குருமடத்தில் வரி வரியாகப் படித்தோம். அப்போது நம் கண்முன் நின்றவன் ஆலைத் தொழிலாளி. திண்ணையில் குனிந்திருந்த பெண் நம் நினைவுக்கு வரவில்லை. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் ஆறுதல் என்பது வெறும் ஏமாற்றா? அப்படியும் சொல்ல முடியவில்லை. யாப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து, அவர் தங்களோடு இருந்தபோது செய்து கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள். அத்துணிகளை எவரும் விலை பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்கில் வீடு சந்திக்கச் சென்றபோது, மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயைக் கண்டோம். எதை எதையோ சொல்லித் தேற்ற முயன்றோம். அவர் தலை நிமிராமல் குரோஷா ஊசியால் பின்னிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து, "சாமி, கண்ணி தப்பிப் போச்சு, கொஞ்சம் பொறுங்க" என்றார். நாம் வாய் மூடி அமர்ந்தோம். அவர் மூன்று வரிசை பிரித்து, மீண்டும் எண்ணத் தொடங்கினார். அந்தப் பின்னல் இன்று நம் ஆலயப் பீடத்துகிலின் ஓரத்தில் இருக்கிறது.