சுவான்சௌ நகரில் தமிழர் சுவடுகள்

பேராக் மாநிலத்தில் தமிழரும் சீனரும் அடுத்தடுத்து வாழ்வது எவர்க்கும் வியப்பன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் சீனரை ஈர்த்தன. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் கன்றுகளாக நடப்பட்டுப் பின்னர்ப் பெருகிய ரப்பர், தமிழரை வரவழைத்தது. இதனால் இவ்விரு இனத்தாரையும் முதன்முதலில் ஒன்று சேர்த்தது ஆங்கிலேயர் ஆட்சியே என்று கருதுவோர் பலர். அக்கருத்து பிழையானது என்பதற்குச் சான்று, சீன நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ள சுவான்சௌ என்னும் பழம்பெரும் நகரில் இருக்கிறது.

மார்க்கோ போலோ போன்ற பயணிகள் ‘சைத்தூன்’ எனக் குறித்த துறைமுகம் இதுவே. 1087இல் சீன அரசு இங்குக் கடல் வாணிக அலுவலகம் ஒன்றை அமைத்தது. அதற்கு முன்பே, 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீனப் பேரரசரின் அவையை அடைந்திருந்தன. 1088இல் சுமத்திராவின் மேற்குக் கரையில் தமிழ் வணிகரான ஐந்நூற்றுவர் கல்வெட்டுப் பொறித்தனர். நாகப்பட்டினத்திலிருந்து சீனம் செல்லும் கடல்வழி நம் மலாயாத் தீபகற்பத்தை ஒட்டியே அமைந்திருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சுவான்சௌவைக் காணச் செல்வோர் முதலில் நாடுவது கையுவான் பௌத்தக் கோயிலை. கி.பி. 686இல் தோன்றிய இக்கோயிலின் இருபுறமும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள் இரண்டு வானளாவி நிற்கின்றன. பெருமண்டபத்தின் பின்புறம் சென்றால் தமிழர் நெஞ்சம் திகைக்கும். அங்குள்ள பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டில், முதலையிடமிருந்து யானையைக் காக்கும் திருமாலும், நரசிங்கமும், கண்ணன் திருவிளையாடல்களும் செதுக்கப்பட்டுள்ளன. அந்நகரின் கடல்வாணிக அருங்காட்சியகத்தில், சிவலிங்கத்தை யானை வழிபடும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. திருவானைக்கா வரலாறு அறிந்தோர்க்கு அதற்கு விளக்கமே வேண்டா.

இவற்றையெல்லாம் செய்வித்தவர் யாவர்? 1956இல் அந்நகரில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. சக ஆண்டு 1203, சித்திரைத் திங்களில், அதாவது கி.பி. 1281இல், அது பொறிக்கப்பட்டது. செகாசைக்கான் என்னும் மங்கோலியத் தலைவனின் உடல்நலம் கருதி, அவனது ஆணைப்படி, தவச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட சம்பந்தப்பெருமாள் திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்துகளும் காணப்படுகின்றன. குப்ளாய்கான் சீனத்தை ஆண்ட காலம் அது. அயல்நாட்டில் குடியேறிய தமிழர், தம் இறைவனுக்குக் கோயில் எடுத்தபோது, அந்நாட்டுத் தலைவனின் நலத்தையும் வேண்டினர். அவனும் அதற்கு இசைவளித்தான்.

அந்நல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1357 முதல் 1366 வரை நகரில் நிகழ்ந்த கலகமும் அதன் பின்விளைவுகளும் அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகளைச் சிதைத்தன. தமிழர் கோயிலும் அழிந்தது. அதன் கற்கள் மதில்களிலும் பிற கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தன. தூண்களும் பௌத்தக் கோயிலுக்குச் சென்றன. கோயில் எடுத்தோரின் வழித்தோன்றல்கள் தமிழராக அங்கு எஞ்சவில்லை.

எனினும் கற்கள் எஞ்சின. நகரின் பழைய மதில் இடிக்கப்பட்ட காலத்தில், வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர் சிதறிய கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றை ஆராய்ந்து 1957இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் தமிழரும் அல்லர், சைவரும் அல்லர். தம் ஊரின் வரலாறு மண்ணாகிப் போகலாகாது என்னும் எண்ணமே அவரைத் தூண்டியது. நகருக்கு அண்மையிலுள்ள செதியான் என்னும் சிற்றூரில், நான்கு கைகளையுடைய இந்துப் பெண்தெய்வம் ஒன்றைச் சீன மக்கள் தங்கள் குவான்யின் அன்னையாகவே கொண்டு ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். 2021இல் சுவான்சௌ யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பல இனத்தாரும் சமயத்தாரும் அங்கு விட்டுச் சென்ற சுவடுகள் அப்பெருமைக்குத் துணைநின்றன.

இவ்வரலாறு பேராக் தமிழர்க்கு ஒரு பாடம். ரப்பர் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. தோட்ட மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயங்களும் தோட்டக் கோயில்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. கோயிலை எடுத்தவர் யார், எந்த ஆண்டில் எடுத்தனர், உபயம் செய்தவர் யார் என்று கூறும் கற்பலகைகளும் அவற்றோடு மறைகின்றன. சம்பந்தப்பெருமாள் கல்லிற் பொறித்திராவிடில் அவர் பெயரை இன்று எவரும் அறியார். அக்கல் காக்கப்படாதிருந்தால் பொறித்தும் பயனிராது.

ஆகவே, எஞ்சியுள்ள தோட்டக் கோயில்களின் கற்பலகைகளைப் படியெடுத்து வைப்பதும், முதியோர் நினைவிலுள்ள செய்திகளை எழுதி வைப்பதும் இன்றே செய்யத்தக்க பணிகளாகும். சுவான்சௌவில் அப்பணியைச் சீனர் ஒருவர் தமிழர்க்காகச் செய்து கொடுத்தார். பேராக்கில் அதனைச் செய்யத் தமிழரே இருக்கின்றனர்.