ஆஸ்பத்திரிக்கு வராத பபூன்

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல அம்மை போட்ட வீட்டை வாசல்லயே கண்டுபிடிச்சிடலாம். நிலையில வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே பிள்ளை பக்கத்துல ஒரு அம்மாச்சி உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு படிப்பாங்க. பாட்டு நோயைக் குணமாக்கிச்சுன்னு நான் சொல்ல வரலை. பெரியம்மை 1975-ஓட இந்தியாவை விட்டுப் போனதுக்குக் காரணம் தடுப்பூசிதான். ஆனா அரிப்பும் காய்ச்சலுமா கிடக்கிற பிள்ளைக்கு அந்தக் குரல் ஒரு துணை.

படுக்கை வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு மாறினப்போ, பாட்டு கூடப் போகலை.

இங்கிலாந்துல இன்னும் மோசம். அங்கே அம்மாவையே கூட விடலை. 1952-ல ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் படம் எடுத்தார். ரெண்டரை வயசுப் பொண்ணு 8 நாள் ஆஸ்பத்திரியில தனியா தவிக்கிறது, அவ்வளவுதான் படம். பார்த்த டாக்டர்கள் பலருக்குக் கோபமே வந்துச்சு. ஆனா 1959-ல வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், குழந்தைக்கு விளையாட்டும் வேணும்னு சொல்லிடுச்சு.

நம்ம ஜி.எச்.ல தூக்குவாளியோட அம்மா கூடவே இருப்பாங்க. பிள்ளைக்குத்தான் செய்ய ஒண்ணும் இருக்காது. ஊசி எப்போ, சாப்பாடு எது, எல்லாமே பெரியவங்க முடிவு.

1986-ல நியூயார்க்ல மைக்கேல் கிறிஸ்டென்சன்ங்கிற சர்க்கஸ்காரர், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கோமாளிகளைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சார். டாக்டர் வேஷத்துல வந்து 'சிவப்பு மூக்கு மாற்று ஆபரேஷன்' செய்வாங்க! இந்தக் கோமாளிகளுக்கு ஒரு விதி உண்டு. வாசல்ல நின்னு "வரலாமா?"ன்னு கேட்கணும். பிள்ளை வேணாம்னா திரும்பிடணும். அன்னிக்குப் பூரா அந்தப் பிள்ளை 'வேணாம்'னு சொல்லி, பெரியவங்க கேட்டுக்கிட்ட ஒரே விஷயம் அதுவாத்தான் இருக்கும். சிரிப்பை விட அதுதான் பெரிய மருந்துங்கிறது என் கட்சி. கிரேயான் கொடுத்தாலும் இதேதான். சூரியனுக்கு நீலம் அடிக்கலாமாங்கிறதை அங்கே பிள்ளைதான் முடிவு பண்ணுது.

இத்தாலியில 40 குழந்தைகளை வச்சுப் பார்த்த ஆய்வு 2005-ல வெளிவந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா அப்பாவோட கோமாளியும் கூட இருந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைஞ்சிருந்துச்சு. ஆனாலும் ஊழியர்கள்ல பெரும்பாலோர் இதைத் தொடர வேணாம்னாங்க. வேலைக்கு இடைஞ்சலாம்!

சென்னையில 'தி லிட்டில் தியேட்டர்' நாடகக்குழு கோமாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு. நம்ம க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அப்படி ஆள் தேடி நியூயார்க் போக வேண்டியதில்லை. வள்ளி திருமணம் நாடகத்துல விடிய விடியச் சிரிக்க வைக்கிற பபூன் நம்ம பக்கத்துலயே இருக்காரு. திருவிழா சீசன் முடிஞ்சா அவருக்கும் பிழைப்பு கஷ்டம். கை கழுவுறது, கிருமி பரவாம பார்த்துக்கிறது, எந்தப் பிள்ளைகிட்ட போகக்கூடாதுங்கிறது, ரெட்டை அர்த்த வசனத்தை மூட்டை கட்டி வைக்கிறது, இவ்வளவும் சொல்லிக்கொடுக்கணும். முக்கியமா, சேவைன்னு சொல்லி ஏமாத்தாம கூலி கொடுக்கணும்.

மாத்திரைக்கு ஒதுக்குற பணத்துல ஒரு ஓரம் போதாதா இதுக்கு? சொல்லுங்க மக்களே.